அக்டோபரில் பொங்கல் வைத்தாள் மருமகள்: சரியா, தப்பா?

#1 ஓய்வுவாத்தியார் (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுத்தவனுக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம், 2024 அக்டோபர் முதல் வாரம், நானும் வீட்டுக்காரியும் கனடாவில் மகன் வீட்டுக்குப் போனோம். ஒண்டாரியோ மாகாணத்தில் கிச்னர் என்ற ஊர். டொரொண்டோவில் இறங்கி மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஆறு மாதம் இருந்துவிட்டு இந்த ஏப்ரலில் விஷுவுக்கு ஊர் வந்து சேர்ந்தோம். அவர்கள் அங்கே குடிபோய் நாலு வருஷம் ஆகிறது.

எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் நோம்பிக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம் என்று வாழ்கிற ஊர். சித்திரை முதல் தேதி நாங்கள் கனி பார்ப்போம். அதே நாளோ மறுநாளோ பக்கத்து வீட்டில் விஷு. ஆவணியில் எங்கள் பிள்ளைகளும் ஓணத்துக்குப் பூக்களம் போடும். பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஆகவே மூன்றாவதாக ஒரு நாட்டுப் பண்டிகை வந்தால் நாங்கள் முகம் சுளிக்கிற ஆட்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. அக்டோபர் 14, திங்கட்கிழமை. அங்கே அன்று தேங்க்ஸ்கிவிங், அறுவடைக்கு நன்றி சொல்கிற விடுமுறை நாள். முதல் நாள்தான் எல்லாரும் ஒரு பண்ணைக்குப் போய் ஆப்பிள் பறித்து வந்திருந்தோம். ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் அரசாணிக்காய். (தெற்கத்தி ஆட்களுக்குப் பூசணி, மலையாளத்தில் மத்தங்காய்.) ஒரு வீட்டுப் படியில் ஏழு எண்ணினேன். காலையில் எழுந்து பின்பக்கம் போனால், மருமகள் கேஸ் அடுப்பைப் புல்தரையில் வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பொங்கல் வைக்கிறாள்! பேத்தி பட்டுப்பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நிற்கிறது. பேரன் தட்டையும் கரண்டியையும் வைத்துத் தட்டுகிறான். பால் பொங்கியது, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிழவி எட்டிப் பார்த்துக் கை தட்டினாள்.

வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்து என்னிடம்தான் சொன்னாள்: "தை எங்கே, இது புரட்டாசி. புரட்டாசியில் யாராவது பொங்கல் வைப்பாங்களா?" தலைவலி என்று சொல்லி அன்று சாப்பிடவும் இல்லை. (அன்று அங்கே வான்கோழி சமைப்பது வழக்கம். புரட்டாசி என்பதால் அந்த வீட்டில் அது தப்பித்தது, அது வேறு.)

அப்புறம் தை பிறந்தது. ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. மகன் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங்கில், மருமகள் வேலைக்குப் போயாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில். சூரியன் வருவதற்கே கிட்டத்தட்ட எட்டு மணி. வீட்டுக்காரி வாசல் பனியைத் தள்ளிவிட்டு அரிசிமாவில் கோலம் போட்டாள். வெள்ளைமேல் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள்தூளும் குங்குமமும் கொண்டுவந்து கோட்டின் மேல் தூவினாள். உள்ளே கரண்ட் அடுப்பில் பால் பொங்கிக் கண்ணாடிமேல் வழிந்து கருகி, புகை கிளம்பி, கூரையில் இருந்த அபாய மணி அலறத் தொடங்கிவிட்டது. மகன் ஓடிவந்து துண்டை வீசி அதை அடக்கினான். நாங்கள் இரண்டு கிழங்களும் ஒரு தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எங்கேயோ இருக்கிற சூரியனைக் கும்பிட்டோம்.

இப்போது ஊர் வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அவளுக்கு மருமகள்மேல் அந்த அக்டோபர் வருத்தம் போகவில்லை. எனக்கோ, உண்மையில் பொங்கல் மாதிரி இருந்தது அக்டோபரில்தான் என்று தோன்றுகிறது. அவளிடம் சொல்ல தைரியம் இல்லை. இங்கே வெளியூர் வாசம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

#2 பஞ்சாங்கம் (வேலந்தாவளம்)

வாத்தியாரே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தை முதல் தேதி சூரியன் மகர ராசியில் நுழைகிறது. அன்றைக்கு வைப்பதுதான் பொங்கல். மற்ற நாளில் பானையில் பொங்குவது சர்க்கரைச் சாதம். உங்கள் வீட்டம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்குப் பொங்கலை அக்டோபருக்குக் கொண்டுபோவார்கள், நாளைக்குத் தீபாவளியை லீவு கிடைக்கிற நாளுக்கு. பிள்ளைகளுக்குக் கடைசியில் எது எப்போது என்றே தெரியாமல் போகும்.

#3 நாஞ்சில்நெல் (தோவாளை)

பஞ்சாங்கம் ஐயா, ஒரு சந்தேகம். பொங்கல் அறுவடைத் திருநாள் என்றுதானே நாமே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்? எங்கள் நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ. ஆவணி புரட்டாசிப் பக்கம் அறுப்பது கன்னிப்பூ, மாசிப் பக்கம் அறுப்பது கும்பப்பூ. தை முதல் தேதி எங்கள் வயலுக்கு வந்து பாருங்கள், கும்பப்பூ பெரும்பாலும் பச்சையாகத்தான் நிற்கும். கடையில் வாங்கின அரிசியில்தான் நாங்களும் பொங்குகிறோம்.

புது அரிசி வேண்டுமென்றால் அதற்கு ஆடியில் நிறைபுத்தரிசி இருக்கிறது. கோயிலில் கதிர்க்கட்டை வைத்துப் பூஜித்து ஆளுக்கு இரண்டு கதிர் கொடுப்பார்கள், வீட்டு நிலையில் கட்டி வைப்போம். சபரிமலையிலும் அதே வழக்கம்தான். மலை தாண்டினால் அவர்களுக்கு அறுவடைக் கொண்டாட்டம் ஆவணியில், ஓணம். ஒரு நாளில் நடந்து கடக்கிற தூரத்துக்குள்ளேயே அறுவடைப் பண்டிகையின் மாதம் மாறுகிறது. கடல் தாண்டினால் மாறக்கூடாதா?

#4 நகரித்தறி (நகரி)

சார், நான் ஆந்திரா பக்கத்துத் தமிழன். நாங்களும் உங்களை மாதிரிதான், இரண்டு காலண்டர். வீட்டில் பொங்கல் என்போம், தெருவில் சங்கராந்தி என்பார்கள். யுகாதிக்கு வேப்பம்பூப் பச்சடி, சித்திரைக்கு மறுபடியும் வேப்பம்பூப் பச்சடி.

போகி அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தலையில் போகிப் பள்ளு கொட்டுவார்கள். இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பூ, சில்லறைக் காசு எல்லாம் கலந்தது. என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இலந்தைக்கு எங்கே போவது? கடையில் சிவப்பாக ஒரு பழம், கிரான்பெர்ரி என்று இருக்கிறதாம், அதைக் கொட்டினாள். பார்க்க அச்சு அசல் இலந்தை. வாயில் போட்டால் புளிப்பு உச்சிக்கு ஏறும், அது வேறு விஷயம். ஆனால் நாளை மாற்றவில்லை. போகி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். பொருள் மாறலாம், நாள் மாறக்கூடாது என்பது என் கட்சி.

#5 பஞ்சாங்கம் (வேலந்தாவளம்)

நகரிக்காரர் சரியாகச் சொன்னார். நாஞ்சில்காரருக்கு ஒன்று: பொங்கல் நெல்லுக்கு மட்டும் இல்லை, சூரியனுக்கு. உத்தராயணம் தொடங்குகிறது. அறுவடை ஊருக்கு ஊர் மாறும், சூரியன் மாறாது.

#6 சாரல் (செங்கோட்டை)

சூரியன் மாறாது என்கிற அண்ணாச்சிக்கு ஒரு சின்னச் செய்தி. எங்கள் அக்கா மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே ஜனவரி என்றால் கொளுத்தும் கோடை. நமக்கு உத்தராயணத்தில் சூரியன் நெருங்கி வருகிறது, அவர்களுக்கு விலகிப் போகிறது. ஒரு வருஷம் பொங்கல் அன்று பார்த்து அனல்காற்று. திறந்த இடத்தில் யாரும் நெருப்பு மூட்டக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டுவிட்டது. காட்டுத்தீ பயம். வாத்தியார் வீட்டில் குளிரால் பானை உள்ளே போயிற்று, அக்கா வீட்டில் வெயிலால். ஒரே சூரியன்தான்!

நாங்கள் 1956 வரை திருவிதாங்கூர். ஆச்சி காலத்துப் பேச்சில் பாதி மலையாளம் இருக்கும். எங்களுக்குப் பண்டிகையைவிடப் பெரிது சீசன். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் குற்றாலத்தில் தண்ணீர் விழும். அன்றைக்கு என்ன கிழமை, என்ன திதி என்று எவனும் கேட்க மாட்டான். பக்கெட், துண்டு, எண்ணெய், கிளம்ப வேண்டியதுதான். குளித்துவிட்டுப் பசியோடு பிரானூர் பார்டருக்கு வந்து புரோட்டா. வரும் வழியில் ரம்புட்டான், மங்குஸ்தான். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் லீவுக்கு ஏப்ரலில் வந்து, குடும்பத்தோடு அருவியைப் பார்த்து, "பாறைதான் இருக்கு, தண்ணி எங்கே?" என்பார்கள். தண்ணீர் வரும்போது நாம்தான் போக வேண்டும், நாம் வரும்போது தண்ணீர் வராது.

வாத்தியார் மருமகள் செய்ததும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்த ஊரில் தண்ணீர் விழுகிற மாதம் அக்டோபர்.

#7 குமுளிக்காற்று (குமுளி)

சாரல் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊருக்கு மேலே மங்கலதேவி, கண்ணகி கோயில். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரே ஒரு நாள்தான் ஜனம் போக முடியும். இரண்டு மாநில போலீசும் வனத்துறையும் நின்று காலையில் விட்டுச் சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். ஜீப்பில் போகிறவர்கள் இங்கிருந்து, நடந்து ஏறுகிறவர்கள் பளியன்குடியிலிருந்து. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அந்த நாள்தான். மறுநாள் போனால் காடு. அந்த ஒரு நாளுக்காகவே துபாயிலிருந்து லீவு போட்டு வருகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அதே ஆட்கள் துபாயில் ஓணம் கொண்டாடுகிற அழகைப் பார்க்க வேண்டும். திருவோணம் செப்டம்பரில் முடிந்திருக்கும். சங்கத்துக்குச் சங்கம், கம்பெனிக்குக் கம்பெனி, ஹால் கிடைக்கிற விடுமுறைக்கு விடுமுறை ஓண விருந்து நடந்துகொண்டே இருக்கும். என் தம்பி ஒரே வருஷத்தில் ஐந்து ஓணம் உண்டிருக்கிறான், கடைசி ஓணம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால். ஓணத்துக்கு வருகிற மாவேலி ராஜா என்ன, பாஸ்போர்ட்டோடு அங்கேயே தங்கிவிட்டாரா என்று கேட்டேன்.

ஒரே மனிதன்தான் ஒன்றுக்கு நாளை விட மாட்டான், இன்னொன்றுக்கு நாளே பார்க்க மாட்டான். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், எந்தப் பண்டிகை யாருக்கு மனசில் ஆணி அடித்திருக்கிறதோ அதை அவர்களால் நகர்த்த முடியாது. வாத்தியார் வீட்டம்மாவுக்குப் பொங்கல் அப்படி. மருமகளுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

#8 நாஞ்சில்நெல் (தோவாளை)

பஞ்சாங்கம் ஐயாவுக்குப் பாக்கி வைத்திருந்தேன். சூரியன் நிஜமாக வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22. தை பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள் என்று விலகிக்கொண்டே வந்து இங்கே நிற்கிறது. ஆகவே நம் பொங்கலே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிற பண்டிகைதான். வாத்தியாரின் மருமகள் கொஞ்சம் வேகமாக நகர்த்திவிட்டாள், அவ்வளவுதான் :)

கனடாக்காரர்களின் தேங்க்ஸ்கிவிங்கும் அப்படித்தான், ஒரு காலத்தில் வருஷத்துக்கு ஒரு தேதி என்று அலைந்தது. அக்டோபர் இரண்டாம் திங்கள் என்று அவர்கள் நாடாளுமன்றம் நிலையாக வைத்தது 1957ல். அமெரிக்காவில் அது நவம்பர் கடைசிக்குப் பக்கம். கனடாவில் குளிர் சீக்கிரம், அறுவடையும் சீக்கிரம்.

#9 பஞ்சாங்கம் (வேலந்தாவளம்)

அயன சலனம் எனக்கும் தெரியும். 72 வருஷத்துக்கு ஒரு நாள் நகர்வதும், ஒரே வருஷத்தில் மூன்று மாதம் தாவுவதும் ஒன்றா? வாதத்துக்குப் பேசலாம்.

#10 ஓய்வுவாத்தியார் (கொழிஞ்சாம்பாறை)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நடுவில் நடந்த இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவில் விட்டுவிட்டேன்.

ஒன்று தீபாவளி. 2024ல் அக்டோபர் 31ஆம் தேதியே வந்தது. அங்கே அன்று ஹாலோவீன். பிள்ளைகள் பேய், பூதம் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற இரவு. எங்கள் வாசலில் ஒரு பக்கம் அகல்விளக்கு வரிசை, இன்னொரு பக்கம் பேரன் கண், மூக்கு, பல் வெட்டி உள்ளே விளக்கு வைத்த அரசாணிக்காய். திருஷ்டிப் பூசணிக்கு உயிர் வந்த மாதிரி. வீட்டுக்காரி அதிரசம் சுட்டு வைத்திருந்தாள், வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க. கடையில் ஒட்டின உறையோடு இருந்தால்தான் அங்கே பெற்றோர்கள் பிள்ளைகளைத் தின்ன விடுவார்கள் என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். அதிரசம் முழுவதும் எங்களுக்கே மிஞ்சியது. எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டாவது மார்ச் கடைசியில். கொட்டின பனி கரையத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் எல்மைரா என்று ஒரு சிற்றூர், 1965லிருந்து மேப்பிள் பாகுக்குத் திருவிழா நடத்துகிற ஊர். போகிற வழியில் மெனொனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தாரில் பழைய வழக்கம் விடாதவர்கள், கறுப்பு உடை உடுத்திக் குதிரை வண்டியில் போகிறார்கள். 2025லும் வண்டிதான், கார் கிடையாது. அந்தப் பக்கத்தில் ஒரு மேப்பிள் தோப்புக்கு மகன் கூட்டிப்போனான். "மரத்திலிருந்து தண்ணி இறக்கிக் காய்ச்சுறாங்க அம்மா, வந்து பாருங்க" என்றான். அதுவரை எந்த ஊர் சுற்றலுக்கும் முகம் மலராதவள் "இறக்கிக் காய்ச்சுறாங்களா?" என்று கேட்டாள்.

நான் சொல்ல வேண்டும்: அவளுடைய அப்பா பனையேறியவர். பாளை சீவிக் கலயம் கட்டித் தெளுவு இறக்குவார். காய்ச்சுவது அம்மாவும் அவளும். எங்கள் சித்தூர் தாலுகாவில் கள்ளுக்கு இருக்கிற மவுசு கருப்பட்டிக்கு இல்லாமல் போய், அந்த வேலை அவள் கல்யாணத்துக்கு முன்பே நின்றுவிட்டது.

அங்கே மரத்தில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் அடித்திருக்கிறார்கள். கீழே வாளி. பெரிய தோப்புகளில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாயே ஓடுகிறது. மரம் நாற்பது வயசாவது ஆகியிருக்க வேண்டுமாம். இரவில் உறைகுளிர், பகலில் அதற்கு மேல் கொஞ்சம் வெயில், இந்த இரண்டும் மாறி மாறி வரும் சில வாரம்தான் நீர் ஓடும். மொட்டு கட்டத் தொடங்கினால் ருசி கெட்டுவிடும், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகள் கண்டுபிடித்த வேலை.

வாளி நீரை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். வீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினாள். "என்ன இது, பச்சைத் தண்ணி." அதில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. "நாப்பதுக்கு ஒண்ணா? விறகு கட்டுபடியாகுமா?" என்று கேட்டாள். பேத்தி அதை இங்கிலீஷில் சொல்ல, பண்ணைக்காரர் சிரித்துவிட்டு, அதைத்தான் என் மனைவியும் கேட்கிறாள் என்றார்.

அப்புறம் காய்ச்சுகிற கொட்டகைக்குள் போனோம். ஆவி. கூரை தெரியாத அளவுக்கு ஆவி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். பேசவில்லை. நானும் பேசவில்லை.

வெளியே வந்தால் ஒரு நீள மரத் தொட்டியில் சுத்தமான பனியைப் பரப்பி, கொதிக்கிற பாகைக் கோடாக அதன்மேல் ஊற்றுகிறார்கள். உடனே இறுகுகிறது, குச்சியில் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். "இது பதம் பாக்குறதுங்க!" என்றாள் என்னைப் பார்த்து. தெளுவு காய்ச்சும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள், உருண்டால் சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பண்ணைக்காரரை நிறுத்தி வைத்துக் கேள்விமேல் கேள்வி. புளிக்காமல் எப்படி வைப்பீர்கள்? (நமக்குக் கலயத்தில் சுண்ணாம்பு, அவர்களுக்குக் குளிரே போதும், அன்றன்றைக்குக் காய்ச்சிவிடுகிறார்கள்.) நுரை எழும்பினால் என்ன செய்வீர்கள்? ஒரு துளி வெண்ணெய் விடுவோம் என்றார். "நாங்க ஆமணக்கு முத்து போடுவோம்னு சொல்லு" என்றாள் பேத்தியிடம். பாவம், பேத்திக்கு ஆமணக்குக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரிசியும் பருப்பும் போட்டு, வாங்கிவந்த பாகில் பாதியை ஊற்றி, நெய் விட்டுக் கிண்டி எல்லாருக்கும் கொடுத்தாள். அப்படி ஒரு ருசி. பங்குனி மாசம்! "இது என்ன பொங்கல்?" என்று கேட்டேன். "பொங்கல் இல்லை. சும்மா" என்றாள்.

#11 நாஞ்சில்நெல் (தோவாளை)

வாத்தியாரே, அது தெளுவா? எங்கள் பக்கம் அக்கானி. தமிழ்நாடு முழுக்கக் கேட்டால் பதநீர். இதற்கே தனி இழை தொடங்கலாம்.

ஆமணக்கு முத்து எங்கள் பக்கமும் உண்டு. பொங்கி வருகிற நுரை சட்டென்று அடங்கும்.

#12 பஞ்சாங்கம் (வேலந்தாவளம்)

பார்த்தீர்களா! அம்மாவே சொல்லிவிட்டார், "பொங்கல் இல்லை, சும்மா." நான் இரண்டாம் பதிவில் சொன்னதும் அதுதான். மற்ற மாதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பொங்கிச் சாப்பிடுங்கள், பேர் வைக்காதீர்கள்.

#13 பனிக்காட்டுப்பெண் (கிச்னர்)

எல்லாருக்கும் வணக்கம். மாமா, நான்தான். இந்த இழையை முதலமடையிலிருந்து என் தம்பி அனுப்பினான். "அக்கா, உன்னை வைத்து ஊரே பட்டிமன்றம் நடத்துகிறது" என்றான்.

முதலில் ஒரு திருத்தம். அக்டோபர் பொங்கல் என் யோசனை இல்லை, உங்கள் பேத்தியின் யோசனை. இங்கே வந்த முதல் ஜனவரியில் நான் அவளை உட்காரவைத்துக் கதை சொன்னேன். பொங்கல் என்றால் அறுவடை, புது நெல், மாடு, சூரியனுக்கு நன்றி என்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. "அம்மா, எதை அறுத்தாங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் முதலமடையில் தை பிறந்தால் மாந்தோப்புக்குக் காவல் போடத் தொடங்குவார்கள், காய் திரண்டுகொண்டிருக்கும், நாட்டிலேயே முதலில் சந்தைக்குப் போகிற மாங்காய். என் பொங்கலுக்குப் பின்னால் அது எல்லாம் இருந்தது. இவளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

மறு வருஷம் அக்டோபரில் ஒரு பண்ணைக்குப் போனோம். ஆப்பிள், மக்காச்சோளம், அரசாணிக்காய், வைக்கோல் கட்டு, டிராக்டர் இழுக்கிற வண்டியில் சவாரி. அவள் அந்த வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு கேட்டாள்: "இதுதானே அம்மா நீ சொன்னது? அப்ப இன்னிக்குத்தானே பொங்கல்?" நான் என்ன சொல்ல? அந்த வருஷத்திலிருந்து வைக்கிறோம். அத்தை வருகிறார்கள் என்று போன வருஷம் மட்டும் நிறுத்தினால் அவள் ஏன் என்று கேட்பாள்.

தைப்பொங்கலை நாங்கள் விடவில்லை. இங்கே ஜனவரி மாதம் முழுவதும் தமிழ் மரபுத் திங்கள். ஒண்டாரியோவில் 2014லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், கனடா நாடாளுமன்றத்தில் 2016ல் தீர்மானம் நிறைவேறியது. பெரும்பாலும் ஈழத்தமிழர்களின் உழைப்பு. இந்த வருஷமும் பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் போனோமே, அத்தை கும்மி அடித்தார்களே, அதை மாமா எழுதவே இல்லை! செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக நான் லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, சொன்னால் அத்தை இன்னும் வருத்தப்படுவார்கள் என்று. மத்தியானம் வேலை இடத்தில் டப்பாவைத் திறந்தால் பொங்கல் இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. விடிகிறதுக்கு முன்னால் எழுந்து எனக்காகத் தனியாக ஒரு கைப்பிடி பொங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே மாமா பார்த்தது இரண்டாவது பானை. மணி அடித்தது அதற்குத்தான்.

இன்னொன்று, மாமாவுக்குத் தெரியாதது. அக்டோபர் 14 அன்று இரவு பத்தரை மணிக்கு நான் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். சமையலறை விளக்கு எரிந்தது. அத்தை நின்றபடியே பிரிட்ஜிலிருந்து எடுத்த பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேலே திரும்பிப் போய்விட்டேன். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

#14 சாரல் (செங்கோட்டை)

அடேயப்பா. அண்ணாச்சி, இனி இந்த வழக்கை நீங்கள் வாபஸ் வாங்குவதுதான் மரியாதை.

#15 பஞ்சாங்கம் (வேலந்தாவளம்)

மருமகள் தவறாக நினைக்க வேண்டாம். உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அம்மா. பிள்ளை கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. தையில் வைப்பதற்குத்தான் பொங்கல் என்று பேர். அக்டோபரில் வைப்பதற்கு வேறு ஒரு பேர் கண்டுபிடியுங்கள், நானும் வந்து சாப்பிடுகிறேன்.

#16 குமுளிக்காற்று (குமுளி)

பேரா? கொங்குப் பக்கம் பட்டிப் பொங்கல் இருக்கிறது, பூப்பொங்கல் இருக்கிறது. அந்த வரிசையில் அரசாணிப் பொங்கல். போதுமா?

#17 ஓய்வுவாத்தியார் (கொழிஞ்சாம்பாறை)

மருமகளின் பதிவை வீட்டுக்காரிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பத்தரை மணி விஷயம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கும்மியை எழுதாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பானை என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும். பக்கத்தில் படுத்திருந்தவன் நான்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து பாத்திரம் உருட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பரணிலிருந்து அவளுடைய அம்மா கொடுத்த வெண்கலப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "எதுக்கு இப்போ?" என்றேன். "அந்தத் தகரப் பானையில் பொங்குறதைப் பார்க்கச் சகிக்கலை. அடுத்த தடவை இதைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றாள். அடுத்த தடவை எந்த மாதம் என்று கேட்டேன். "டிக்கெட் எப்போ மலிவோ அப்போ" என்கிறாள்.

#18 பனிக்காட்டுப்பெண் (கிச்னர்)

மாமா, செப்டம்பர் கடைசியில் மலிவாக இருக்கும். நான் பார்த்துவிட்டேன்.

#19 நகரித்தறி (நகரி)

சார், வெண்கலப் பானை எடை என்ன? ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் விடுவார்கள். தங்கைக்கு ஒரு ஆட்டுக்கல் கொண்டுபோய் நான் பட்ட பாடு இருக்கிறதே!

#20 ஓய்வுவாத்தியார் (கொழிஞ்சாம்பாறை)

நாலரை கிலோ, இப்போதுதான் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். காலியாகக் கொண்டுபோகக்கூடாது என்று உள்ளே முறுக்கு அடுக்கப் போகிறாளாம். கடைக்காரர் கேட்கிறார், பொங்கலுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே மாஷே, இப்பவே எதுக்குப் பானை என்று.